சிங்காரி மேளப் போட்டிகளில் தாளத்துக்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்தது முதல் பங்குனி முடியும்வரை குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்தில் செண்டைச் சத்தம் கேட்காத வாரம் கிடையாது. அம்மன் கோயில் கொடை, பங்குத் திருவிழா, கிளப் ஆண்டுவிழா என்று எங்கும், செண்டையைத் தோளில் மாட்டி ஆடிக்கொண்டே வாசிக்கும் சிங்காரி மேளம்தான். 1956 நவம்பர் 1 அன்று இந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. செண்டைக்கு அந்தக் கேரள எல்லைக்கோடு ஒரு நாளும் பொருட்டாக இருந்ததில்லை. எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கோல், ஒரே தாளம்.

இப்போது இந்த மேளங்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட குழுக்கள் பத்துப் பதினைந்து நிமிடம் வாசித்துப் பரிசு வாங்குகின்றன. இளைஞர்கள் மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் உள்ள மதிப்பினால்தான் இந்தக் கடிதம். பரிசு வாங்கும் குழுக்களில் பல, தாளம் சிதறியபடியே பரிசு வாங்குகின்றன. குறை மதிப்பெண் தாளில் இருக்கிறது. உடை, நடனம், அணிவகுப்பு, கூட்டத்தின் ஆரவாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். மேளத்துக்கு ஒரே ஒரு கட்டம். குழுக்கள் எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தானே பழகும்?

சிங்காரி மேளம் பிற்காலத்தில் வந்த வடிவம். அதற்குக் கேரளக் கோயில்களில் வாசிக்கும் பஞ்சாரி மேளத்தின் இலக்கணம் முழுதும் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பஞ்சாரியில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டிக் குழுக்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முதல் காலத்தில், அதாவது முதல் வேகப்படியில், ஒரு தாளவட்டம் 96 அட்சரம் (தாள எண்ணிக்கை). இரண்டாம் காலத்தில் 48, மூன்றில் 24, நான்கில் 12, ஐந்தில் 6. இன்னொரு மேளமான பாண்டியில் இதே போல் 56, 28, 14, 7 என்று இறங்கும். ஒவ்வொரு காலத்திலும் வட்டம் பாதியாகச் சுருங்குவதால்தான் கேட்பவனின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் வெடிக்கிறது. பஞ்சாரி முழுதாக வாசிக்க மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகும். திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தில் 200க்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டரை மணி நேரம் இதே ஏற்றத்தைத்தான் பாண்டியில் கட்டுகிறார்கள்.

போட்டியில் பத்து நிமிடம்தான் என்பதால் நம் குழுக்கள் ஏணியின் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு தொடங்குகின்றன. முதல் அடியே முழு வேகம், முழுச் சத்தம். அதற்கு மேல் போக இடமில்லை. மூன்றாம் நிமிடத்தில் கூட்டம் கைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறது. உடனே குழுத் தலைவர் ஒருவனைத் தோளில் ஏற்றுகிறார், புகை விடுகிறார், காகிதத் துண்டு வெடிக்கிறார். பத்து நிமிடத்துக்குள்ளும் ஏணி கட்டலாம். நிமிடத்துக்கு 70 அடியில் தொடங்கி 160ல் முடிக்கட்டும். நடுவில் மூன்று இடத்திலாவது வட்டம் தெளிவாகச் சுருங்கட்டும். 160ஐத் தாண்டினால் பெரும்பாலான குழுக்களில் கோல் ஓடுகிறது, தாளம் பின்னால் வருகிறது.

தாளம் சிதறுவதற்கு முதல் காரணம் நிற்கும் இடம். இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி போதவில்லை என்று பையன்களைத் திட்டும் பல இடங்களில் குற்றம் பயிற்சியில் இல்லை.

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 24 பேர் கூட்டத்தைப் பார்த்து ஒரே நேர்வரிசையில், ஆளுக்கு ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நின்றால் வரிசையின் நீளம் ஏறக்குறைய 29 மீட்டர். ஒரு கோடியில் விழுந்த அடி மறு கோடிக்குப் போய்ச் சேர 0.084 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில், ஓர் அடிக்கு நான்கு கோல் வீதம் உருட்டினால், ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் இடையே உள்ள நேரம் 0.094 விநாடி. அதாவது இரு கோடியிலும் இருப்பவர்கள் காதை நம்பி வாசித்தால் கிட்டத்தட்ட ஒரு கோல் பிந்துவார்கள். எத்தனை மாதம் பழகினாலும் இது தீராது. பயிற்சி நடக்கும் கிளப் முற்றம் சிறியது; எல்லாரும் நெருங்கி நிற்பதால் அங்கே சுத்தமாக இருக்கும். போட்டி மைதானத்தில் வரிசையை அகலமாக விரித்ததும் கலைகிறது.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழி மேளத்தின் நிலையிலேயே இருக்கிறது. கோலை உருட்டி வாசிக்கும் உருட்டுச் செண்டைகள் முன்வரிசை. அவர்களுக்குப் பின்னால் தாள அடி பிடிக்கும் வீக்கன் செண்டை, அதற்கும் பின்னால் இலைத்தாளம் என்னும் வெண்கலக் கைத்தாளம். எதிரே குழல், அதன் பின்னால் கொம்பு. தாளம் பிடிப்பவர்கள் பின்னால் நிற்பதால் அடி பின்னாலிருந்து முன்னால் போகிறது. முன்வரிசை அதைக் கேட்டு அதன் மேல் வாசிக்கும்போது, இரண்டு ஒலியும் சேர்ந்தே கேட்பவரிடம் வருகின்றன. நம் போட்டிக் குழுக்கள் இலைத்தாளக்காரர்களை ஆட்டத்துக்காக ஓரங்களுக்குத் தள்ளிவிட்டன. சில குழுக்களில் இருபது செண்டைக்கு மூன்றே இலைத்தாளம், அதுவும் மூலைக்கு ஒன்றாக. முதுகெலும்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு உடம்பை ஆடச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் டிரம் கோர் என்று ஒரு போட்டிக் கலை உண்டு. கல்லூரி வயதுப் பிள்ளைகள் சுமார் 150 பேர், பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளுமாக, 91 மீட்டர் நீள மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கிறார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி 1972ல் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்தது. மைதானம் பெரியது என்பதால் அவர்களுக்கு நம்மைப் போல் மூன்று மடங்கு சிக்கல். தீர்வு என்னவென்றால் அதே தீர்வு: முன்னால் நிற்கும், கோலால் தட்டிச் சுரம் வாசிக்கும் மரிம்பா, வைப்ரபோன்காரர்கள் பின்னால் நிற்கும் முரசு வரிசையைக் கேட்டே வாசிக்க வேண்டும். ‘பின்னால் கேள்’ என்பது அங்கே பயிற்சியின் முதல் பாடம். கேரளத்தின் பெருவனம் கோயிலிலும் திருச்சூரிலும் தலைமுறை தலைமுறையாக நிற்கும் முறையை அவர்கள் தங்கள் வழியில் கண்டடைந்திருக்கிறார்கள். நாம் கையில் இருந்ததை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அகலமாக நிற்கத்தான் வேண்டும் என்றால் நேர்வரிசை வேண்டாம், அரைவட்டம் போடுங்கள். அதே 29 மீட்டர் வரிசையை அரைவட்டமாக வளைத்தால் நடுவில் நிற்கும் தலைவருக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள தூரம் ஒன்பதேகால் மீட்டர்தான், எல்லாருக்கும் சமம். இரண்டு வீக்கனும் நான்கு இலைத்தாளமும் தலைவரோடு நடுவில் இருந்தால் அடி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கூட்டமும் நடுவர்களும் வளைவின் திறந்த பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, தோலுக்குப் பதில் செயற்கை முகம் போட்டு போல்ட்டால் இறுக்கும் ஃபைபர் செண்டை. இதைக் குறை சொல்வது எளிது, ஆனால் காரணமில்லாமல் அது வரவில்லை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்திலும் பனி இறங்கும் பின்னிரவிலும் தோல் தொய்ந்துவிடும். கயிறு இழுத்து முறுக்க ஆளும் நேரமும் வேண்டும். ஃபைபரில் ஸ்பேனர் இருந்தால் சில நிமிடத்தில் வேலை முடியும். அமெரிக்கக் குழுக்களும் 1980களின் கடைசியில் சைடு டிரம்மில் கெவ்லார் என்ற செயற்கை நார் முகத்துக்கு மாறின. இறுக்கம் ஏறியது, ஒவ்வோர் அடியும் ஊசி குத்தினாற்போல் தனித்துக் கேட்டது, கூடவே ஓசையின் சதைப்பற்று குறைந்தது. ஃபைபர் செண்டையிலும் அதே கதைதான். இருபதும் ஒரே இறுக்கத்தில் அலறினால் இலைத்தாளத்தின் வெண்கல நாதம் அதனுள் மூழ்கிவிடும். உருட்டுச் செண்டை ஃபைபராக இருக்கட்டும், வீக்கனாவது தோலாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் அடித்தளம் பிழைக்கும். வீக்கன் வாசிக்கும் தடித்த முகமான வலந்தலையில் பல அடுக்குத் தோல் ஒட்டித் தரும் அந்தக் கனம் ஃபைபரில் வராது.

ஃபைபர் வைத்திருக்கும் குழுக்களுக்கு ஒரு சொல். போல்ட்டை வட்டமாக வரிசையாய் இறுக்கக்கூடாது. ஒன்றை அரைத் திருகு திருகினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. வரிசையாய் இறுக்கினால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தொய்ந்து, முகத்தின் ஓரம் முழுவதும் வெவ்வேறு சுருதி கேட்கும். ஓரத்தில் ஓரங்குலம் உள்ளே கோலால் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றினால் எந்த போல்ட் குறை என்று காது சொல்லிவிடும். தோல் செண்டைக்காரர்கள் முறை வரும்வரை வெயிலில் வைக்க வேண்டாம். வெயிலில் சுருதி ஏறும். ஏறிய தோலை மேலும் இறுக்கினால் கிழியும், இறுக்காமல் நிழலுக்குக் கொண்டுபோனால் அரங்கேறும் நேரத்தில் இறங்கியிருக்கும்.

ஒலிபெருக்கியைப் பற்றி. செண்டைக்கு மைக் வேண்டியதில்லை. வயலினோ குழலோ சேர்த்து வாசிக்கும் குழு அந்தக் கருவிக்கு மட்டும் மைக் வைக்கட்டும், அது நியாயம். டிரம் கோரில் 2004ல் ஒலிபெருக்கத்தை அனுமதித்ததும், மரிம்பா போன்ற மரக் கருவிகள் பெரிய அரங்கில் நிதானமாகக் கேட்கத் தொடங்கின. 2009ல் மின்னணுக் கருவிகளும் வந்த பிறகு, சின்தசைசரின் தாழ்ந்த உறுமல் ஆட்களின் வாசிப்பை மூடுகிறது என்ற மனக்குறை ரசிகர்களிடம் வந்தது. நம் மைதானங்களிலும் அந்த நிலை வந்துவிட்டது. பதிவுசெய்த பாடலின் தாளத்தைப் பெரிய ஸ்பீக்கரில் விட்டு அதன் மேல் செண்டை அடிக்கிறார்கள். பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. குழு அரை அடி முந்தினால் திரும்பச் சேர வழியில்லை. புளூடூத் ஸ்பீக்கராக இருந்தால் இன்னும் மோசம்: ஒலி வெளியே வரவே 0.1 முதல் 0.2 விநாடி வரை தாமதமாகும். வேறு வழியே இல்லை என்றால் ஒயர் போட்டு, ஸ்பீக்கரைக் குழுவின் பின்னால் வைக்க வேண்டும். போட்டியில் பதிவுசெய்த தாளத்தை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்ற 2000ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது. ஒலிபெருக்கியை நம்பிய கடைசிக் குழு அதில் மாட்டிக்கொள்கிறது.

ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆட்டம்தான் சிங்காரியின் அழகு. குதிக்கும் இடம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். தோளில் தொங்கும் செண்டை, ஆள் குதிக்கும்போது தானும் எழும்பி இறங்குகிறது. கோல் நடுவில் விழ வேண்டியது ஓரத்தில் விழுகிறது, நேரமும் தப்புகிறது. தேர்ந்த குழுக்கள் இலைத்தாளம் மட்டும் பேசும் அடியில் குதித்து, செண்டை நுழையும் அடியில் கால் ஊன்றி நிற்கின்றன. தோள்மேல் ஏறி நின்று வாசிப்பதற்கு மட்டும் ஒரு மதிப்பெண்ணும் தரக்கூடாது. விழுந்தால் கீழே இருப்பவன் கழுத்து போகும். மேலே இருப்பவனும் சரியாக வாசித்து யாரும் கேட்டதில்லை.

போட்டி நடத்துபவர்களுக்கு என் கணக்கு இது: 100ல் தாளம் ஒன்றி நிற்பதற்கு 30, காலம் ஏறும் விதத்துக்கு 20, கருவிகளின் நாதத்துக்கும் சுருதிச் சமநிலைக்கும் 20, ஆட்டத்துக்கு 20, மொத்த ஈர்ப்புக்கு 10. டிரம் கோரில் மொத்த ஈர்ப்புக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. அந்த 30ல் முரசுக்கென்று நேராகக் கிடைப்பது 10 மட்டுமே. முரசின் பெயரைத் தாங்கிய போட்டியிலேயே இப்படி என்றால், நாம் அதைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நடுவர்களில் ஒருவர் குழுவிலிருந்து 5 மீட்டரில் உட்காரட்டும், அவருக்குக் கோலின் சுத்தம் தெரியும். இன்னொருவர் 25 மீட்டரில், அவருக்குத்தான் ஒலி சேர்ந்து வருகிறதா என்று தெரியும். மூவரும் மேடையோரம் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மூன்று நடுவர் இருந்தும் ஒரு காதுதான்.

அமெரிக்க வழக்கத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. அங்கே நடுவர் குழுவைக் கேட்டுக்கொண்டே தம் கருத்தைப் பேசிப் பதிவுசெய்கிறார். அந்தப் பதிவு குழுவின் கைக்குப் போகிறது. நம்மிடம் எல்லா நடுவர் கையிலும் கைபேசி இருக்கிறது. ‘இரண்டாம் நிமிடத்தில் இடது கோடி பிந்துகிறது’, ‘வீக்கன் கேட்கவில்லை’ என்று பத்து நிமிடம் பேசிப் பதிந்து, பரிசு அறிவித்த இரவே ஒவ்வொரு குழுவுக்கும் அனுப்பலாம். தோற்ற குழு அதைக் கேட்டுவிட்டு மறுநாள் முற்றத்தில் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்.

இப்படிக்கு,
மேள ரசிகர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.