செவலைக் குதிரையும் பேத்தியோட நோட்டும்

கொலம்பஸ், ஒஹையோ
ஆடி மாசம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோங்க. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு, அந்த எண்ணெய தேய்க்குறாங்களா இல்லையான்னு எழுதுங்க. போன ஞாயித்துக்கிழமை போன்ல "குதிரைக்கு எதுக்கு புள்ள நோட்டு"ன்னு கேட்டீங்க, நான் சொல்றதுக்குள்ள பாப்பா போன புடுங்கிட்டு ஓடிட்டா, அதான் பொறுமையா உக்காந்து எழுதறேன். தம்பிய சத்தமா படிச்சுக் காட்டச் சொல்லுங்க, அம்மாவும் கேக்கட்டும்.

முதல்ல குதிரை எங்களது இல்லீங்கப்பா. நம்மூர்ல மாட்ட பங்கு வாரத்துக்கு விடுவாங்களே அந்த மாதிரி இங்க லீசுன்னு ஒன்னு இருக்கு, குதிரை சொந்தக்காரங்களோடது, மாசம் இவ்வளவுன்னு கட்டிட்டு வாரத்துல நாலு நாள் நாம போய் பாத்துக்கணும், தேய்ச்சு விடணும், தீவனம் வைக்கணும், லத்தி அள்ளணும். செவலை நிறத்துல ஒரு பொட்டைக் குதிரை, நெத்தியில வெள்ளை, அதனால வீட்ல எல்லாரும் செவலைன்னே கூப்பிடறோம். ஆளப் பாத்தா பயமா இருக்கும், ஆனா பாப்பா பக்கத்துல போனா தலைய எறக்கி குடுக்கும்.

இது ஃபோர் ஹெச்னு ஒரு திட்டம். தலை, மனசு, கை, ஆரோக்கியம் இந்த நாலுக்கும் இங்கிலீஷ்ல ஹெச் எழுத்துதான் முதல்ல வரும், அதான் பேரு, நாலு இலை போட்ட பச்சை சின்னம். 1902ல இதே ஒஹையோவுல கிளார்க் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) கிரஹாம்னு ஒரு பள்ளிக்கூட அதிகாரி பசங்கள சேத்து சோளம் போட வச்சு, மண்ண பரிசோதிக்க வச்சு ஆரம்பிச்சாரு, நாங்க இருக்குற எடத்துல இருந்து அந்த ஊரு காருல ஒரு மணி நேரம்தான். இப்ப மாநில யூனிவர்சிட்டிதான் நடத்துது, நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கு சொல்லிக் குடுக்குற மாதிரி. ஆடு, கோழி, தையல், சமையல்னு எது வேணா எடுத்துக்கலாம், குதிரையே இல்லாத புள்ளைங்க கூட குதிரையப் பத்தி படிக்க தனி புத்தகம் இருக்குன்னா பாத்துக்கோங்க. எதை எடுத்தாலும் வருசம் பூரா எழுதி வைக்கணும், அதுதான் அந்த நோட்டு.

அதுல ஒரு பக்கம் உங்களுக்கு ரொம்ப புடிக்கும். சின்ன வயசுல என்ன அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு கூட்டிட்டு போவீங்களே, அங்க குதிரை வாங்க வந்தவங்க சுழி எங்க இருக்குன்னு தடவித் தடவிப் பாப்பாங்க, நீங்களும் வாங்கப்போற மாதிரியே நின்னு கேட்டுட்டு இருப்பீங்க. இந்த நோட்டுலயும் சுழிக்கு எடம் இருக்குங்கப்பா! குதிரையோட எடது பக்கம், வலது பக்கம், மூஞ்சி எல்லாம் வெறும் கோட்டுப் படமா போட்டு வச்சிருக்காங்க, நெத்தி வெள்ளை எம்புட்டு, எந்தக் கால்ல வெள்ளை, சுழி எங்க எல்லாம் பாத்து வரையணும். இங்க ராசிக்கு இல்ல, நமக்கு சர்டிபிகேட்ல மச்சம் எழுதுற மாதிரி அடையாளத்துக்கு. பாப்பா செவலையோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல முடி சுத்திக்கிட்டு போறத விரலால தடவிப் பாத்து பென்சில்ல போட்டா, மூணு தடவ அழிச்சு அழிச்சு.

எடை போட இங்க மெஷின் எல்லாம் இல்ல, டேப் வச்சு முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்ச சுத்தி அளக்கணும், இஞ்சுல. அத அதாலயே பெருக்கி, ஒடம்பு நீளத்தால பெருக்கி, 330ஆல வகுத்தா பவுண்டு வந்துரும். செவலைக்கு சுத்தளவு 72, நீளம் 68, கணக்கு போட்டா 1068 பவுண்டு, நம்ம கணக்குல 480 கிலோவுக்கு மேல. இத கண்டுபுடிச்சாத்தான் தீவனம் எவ்வளவுன்னு தெரியும், எடையில நூத்துக்கு ஒன்னரையில இருந்து ரெண்டு பங்கு காஞ்ச புல்லு ஒரு நாளைக்கு வேணும். கொள்ளு வைக்கலையான்னு கேட்டீங்கல்ல, இல்லீங்கப்பா, புல்லுதான் முக்கியம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ஜனவரியில இங்க குளிரு கொல்லும், தொட்டித் தண்ணி ஒறஞ்சு கெடக்கும். பாப்பா தெனமும் தண்ணி எத்தன பக்கெட்டுன்னு எழுதிட்டு வந்தா, எனக்கே இது எதுக்குன்னு தோணும். ஒரு சனிக்கிழமை காலையில லாயத்துக்குப் போனோம், நோட்ட எடுத்துப் பாத்துட்டு "அம்மா நேத்தும் பாதி பக்கெட்தான், இன்னைக்கும் பாதிதான், லத்தியும் கம்மி"ன்னா. செவலை சும்மா நின்னுட்டு இருந்துச்சு, திரும்பித் திரும்பி வயித்தப் பாத்துச்சு, எனக்கு ஒன்னும் தெரியல. இவ செவலையோட எடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னாடி ஸ்டெதஸ்கோப்ப வச்சு நெஞ்சுத் துடிப்ப எண்ணுனா, நிமிசத்துக்கு எப்பவும் 36 இருக்கும், அன்னைக்கு 52. டாக்டருக்கு போன் போட்டோம்.

அவரு வந்ததும் கேட்ட முதல் கேள்வியே தண்ணி எவ்வளவு குடிச்சுது, கடைசியா எப்ப லத்தி போட்டுச்சு, என்ன தின்னுச்சுன்னுதான். பாப்பா நோட்ட விரிச்சு குடுத்துட்டா. தண்ணி கொறஞ்சதுல குடல்ல காஞ்ச தீவனம் அடச்சுக்கிச்சாம். குதிரையால வாந்தி எடுக்க முடியாதாம் அப்பா, அதனால வயித்து வலின்னா அதுக்கு உசுருக்கே ஆபத்து. மூக்கு வழியா நீளமா குழாய் விட்டு எண்ணெயும் தண்ணியும் ஊத்தி, வலிக்கு ஊசி போட்டாரு. ராத்திரி ஒன்பது மணிக்கு செவலை லத்தி போட்டுச்சு, நானும் பாப்பாவும் கட்டிப் புடிச்சு அழுதோம். சாணியப் பாத்து சந்தோசத்துல அழுவேன்னு நான் நெனச்சதே இல்ல. அதுல இருந்து வெதுவெதுன்னு தண்ணி காட்டுறோம், நல்லா குடிக்குது.

அப்ப எனக்கு உங்க நெனப்புதான். நீல அட்டை நோட்டுல சினை ஊசி போட்ட தேதி, காலைக் கறவை, சாயங்காலக் கறவை, சொசைட்டியில சொன்ன கொழுப்பு எல்லாம் எழுதுவீங்களே. ஒரு நாள் அரை லிட்டர் கொறஞ்சுதுன்னு எழுதிட்டு உடனே கட்டுத்தறிக்குப் போய் மடிய தொட்டுப் பாத்து, சூடா இருக்குன்னு டாக்டர கூட்டிட்டு வந்தீங்க, மாடு பொழச்சுது. எனக்கு அப்ப எட்டு வயசு, நீங்க நோட்ட வச்சே கண்டுபுடிச்சீங்கன்னு இப்பத்தான் புரியுது.

ஒரு வருத்தமும் இருக்கு, சொல்லிடறேன். மே மாசம் பரீட்சை வந்தப்ப பதினோரு நாள் எழுதாம விட்டுட்டா. பெறகு ஒரே ராத்திரியில ஒக்காந்து நெரப்பிட்டா, பதினோரு வரியும் ஒரே பேனா, ஒரே 18 பவுண்டு புல்லு, ஒரே ரெண்டு பக்கெட்டு தண்ணி. நான் திட்டல. ஜனவரிப் பக்கத்த எடுத்து பக்கத்துல வச்சேன், அவ்வளவுதான். ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தா, அப்புறம் எல்லாத்தையும் அடிச்சுட்டு "எழுதவில்லை"ன்னு போட்டா. மார்க்கு கொறையும்னு அவளுக்குத் தெரியும், கண்ணு கலங்கிருச்சு.

செலவுக் கணக்குல லாயம், புல்லு, கால் குளம்பு சீவ ஏழு வாரத்துக்கு ஒருக்கா வர்றவருக்கு, ஊசி, அந்த ராத்திரி டாக்டர் பில்லு எல்லாம் எழுதியிருக்கா. வரவுல ஒரே வரிதான், போன தடவ வந்தப்ப நீங்க குடுத்த ரெண்டாயிரம் ரூபாய டாலரா மாத்தி "அப்பிச்சி குடுத்தது"ன்னு.

அடுத்த வாரம் கவுண்டி ஃபேர்னு எங்க கவுண்டியோட பொருட்காட்சி, அங்க நோட்ட வச்சு ஜட்ஜு முன்னாடி ஒக்காந்து பதில் சொல்லணும். போட்டோ ஒட்ட ரெண்டு பக்கம் இருக்கு, அதுல ஒரு எடம் அப்பிச்சி நோட்டுக்குன்னு காலியா விட்டு வச்சிருக்கா. பரண்மேல எங்கயாவது இருக்கும், தம்பிய எறக்கச் சொல்லுங்க, மாட்டுக்கு மடி வீங்குன அந்த வாரத்துப் பக்கம் கெடச்சா அதையே வெளிச்சத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. புதன்கிழமைக்குள்ள வந்தாப் போதும்.

உங்க மக