டிராகனுக்குப் பல் வைத்தீர்கள். மடிக்கம்பியை எப்போது மாற்றுவீர்கள்?

பொழுதுபோக்குப் பூங்காவின் மதிப்புக்குரிய முகாமைத்துவத்தினருக்கு,

வணக்கம். உங்கள் பூங்காவின் பெயரை நான் இங்கு எழுதவில்லை. எழுதாவிட்டாலும், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குச் சற்று முன்னர் பச்சை டிராகன் தலையும் பொன்னிறச் செதில்களும் பொருத்தி, ‘புத்தம் புதிய ரோலர் கோஸ்டர்’ என்று வாசலில் பதாகை கட்டியவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். கடந்த வருடம் இதே வண்டித்தொடரைப் பற்றி உங்கள் முறைப்பாட்டுப் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதிக் கையொப்பமிட்டவன் யார் என்பதும் தெரிந்திருக்கும். ஆகையால் பழைய கதையை நீட்டாமல் விடயத்துக்கு வருகிறேன்.

அந்த வண்டித்தொடர் புதியதன்று. நான் பைபர் படகு கட்டும் தொழிலில் முப்பது வருடங்களாக இருப்பவன். கண்ணாடியிழைப் பாயை அச்சில் விரித்து, பிசின் ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழிகளை விரட்டியே என் கை காய்த்துப் போயிருக்கிறது. மூன்றாவது பெட்டியின் இடது பக்கத்தில், கால் வைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்தில் பழைய ஒட்டுப்போட்ட தழும்பு ஒன்று இருந்தது. கடந்த வருடம் அது சிவப்பு வண்ணத்தின் அடியில் இருந்தது. இந்த வருடம் பச்சை வண்ணத்தின் அடியில் இருக்கிறது. தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும். புதிதாக வார்த்த உடலில் இப்படியொரு தழும்பு வர வழியில்லை.

வண்ணம் மாற்றியதற்காக நான் உங்களைக் குறைகூற வரவில்லை. ரோலர் கோஸ்டர் என்பது அழகுக்கும் சேர்த்துத்தான் உருவான பொருள். பிள்ளை அதைத் தொலைவில் கண்டதும் துள்ள வேண்டும். அபுதாபியில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபார்முலா ரோஸா என்ற ரோலர் கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதன் வண்டித்தொடர் பந்தயக் காரின் வடிவத்தில் இருப்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வெளித்தோற்றத்துக்குச் செலவிட்ட அக்கறை உட்காருமிடத்தையும் எட்டியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. உங்கள் டிராகனைப் பொறுத்தவரை எட்டவில்லை என்பதை என் இடது கை சாட்சி சொல்லும்.

விடுமுறையின் இரண்டாம் நாள் என் மகளை அழைத்து வந்தேன். அவளுக்கு ஏழு வயது, தரம் 2இல் படிக்கிறாள், மெலிந்த உடம்பு. 120 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன் சேர்ந்தே அமர வேண்டும் என்பது உங்கள் விதி. நான் விதியை மதிப்பவன், பக்கத்தில் அமர்ந்தேன். என் எடை 92 கிலோ. உங்கள் வண்டியில் ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும், இருவர் மடியையும் சேர்த்து அழுத்த, ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது. பணியாளர் அதை அழுத்தினார். ‘டக், டக்’ என்று பூட்டில் நான்கு பல் இறங்கி என் தொடையில் முட்டி நின்றது. மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே என் மூடிய கைமுட்டி தாராளமாக நுழையும் இடைவெளி. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, அந்தத் தம்பி ‘பயவெண்ட எப்பா’ (பயப்பட வேண்டாம்) என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்லேன். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கம்பியை அழுத்துவது மட்டுமே. அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

சங்கிலி எங்களை மேலே இழுத்துச் சென்ற அந்தச் சில விநாடிகளில்தான் எனக்கு உண்மை உறைத்தது. என் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் கம்பியன்று, நான்தான். இறக்கம் முடிந்து இரண்டாவது மேட்டின் உச்சியில் அவள் இருக்கையை விட்டு எழும்பியதை உணர்ந்தேன். இடது கையை அவளுடைய வயிற்றின் குறுக்கே கொடுத்து, விரல்களை இருக்கையின் விளிம்பில் கொளுவி, மீதி ஓட்டம் முழுவதும் அப்படியே இருந்தேன். கம்பியைச் சுற்றியிருந்த பஞ்சுறை கிழிந்து, அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. அந்த விளிம்பு என் முழங்கைக்குக் கீழே அறைந்து அறைந்து கன்றச் செய்தது. இறங்கிய பிறகு மகள் அழவில்லை. “அப்பா, ஏன் என்னை அப்பிடி இறுக்கிப் பிடிச்சீங்க? நோகுது” என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று நீங்கள் எனக்கு எழுதி அனுப்பினால் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உங்கள் விதியின் விசித்திரம் இதுதான். சிறு பிள்ளையின் பாதுகாப்புக்கென்று பக்கத்தில் அமர்த்தப்படும் பெரியவரின் தொடையே, அந்தப் பிள்ளையின் மடிக்குக் கம்பி வராமல் தடுக்கிறது. ஆளுக்கொரு கம்பி இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. இது நான் கண்டுபிடித்த புதுமையுமன்று. ஒவ்வொருவர் மடிக்கும் தனித்தனியே இறங்கும் கம்பிகள் உலகில் எத்தனையோ வண்டித்தொடர்களில் உள்ளன.

கம்பி ஏன் வந்தது என்பதை உங்கள் பொறியியலாளர் அறிவார். என்றாலும் வண்ணத்துக்குக் கையொப்பமிட்டவர்களுக்காக எழுதுகிறேன். 1884ஆம் ஆண்டு நியூயோர்க்கின் கோனி தீவில் லமார்க்கஸ் தொம்சன் ஓடவிட்ட வண்டியில் மக்கள் பக்கவாட்டு வாங்கில் வரிசையாக அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். காலி முகத்திடலில் மெதுவோட்டம் ஓடுபவர் அதனோடு சேர்ந்தே ஓடலாம். அந்த வேகத்துக்குக் கம்பி எதற்கு? பின்னர் ஜோன் மில்லர் என்பவர் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் பற்றிக்கொள்ளும் சக்கரத்துக்கு 1919இல் காப்புரிமை பெற்றார். மேலே ஓடும் சக்கரம், பக்கத்தில் உரசும் சக்கரம், அடியில் பிடிக்கும் சக்கரம் என்று மூன்றும் சேர்ந்த பிறகு வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாது என்றாயிற்று; மேடுகள் உயர்ந்தன, இறக்கங்கள் செங்குத்தாயின. அடிச்சக்கரம் உச்சியில் வண்டியைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. அதில் இருக்கும் மனிதரோ மேல்நோக்கியே போகப் பார்க்கிறார். அவரைப் பிடிக்க அடிச்சக்கரம் இல்லை, மடிக்கம்பிதான் இருக்கிறது. அதாவது வண்டிக்கு அடிச்சக்கரம் எப்படியோ, பயணிக்கு மடிக்கம்பி அப்படி. அடிச்சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கைமுட்டி நுழையும் இடைவெளி இருந்தால் அந்த வண்டியை ஓட விடுவீர்களா?

தோளுக்கு மேலால் வரும் பெரிய பூட்டுகள் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. கலிபோர்னியாவில் 1976இல் திறக்கப்பட்ட கிரேட் அமெரிக்கன் ரெவொலூஷன் என்ற ரோலர் கோஸ்டர், மனிதரைத் தலைகீழாக முழு வட்டம் சுற்றியது. ஆரம்ப காலத்தில் அதில் மடிக்கம்பி மட்டுமே இருந்தது. மடியில் சரியாகப் பொருந்தினால் எளிய கம்பியே போதும். பொருந்தாவிட்டால் அதற்கு என்ன வண்ணம் பூசினாலும் அது வெறும் கைப்பிடி.

வண்ணத்தைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உங்களுடையது போன்ற வண்டிகளில் பாரம் தாங்குவது கண்ணாடியிழை உடலன்று. அதனுள்ளே மறைந்திருக்கும் உருக்குச் சட்டகமும் அச்சுகளும்தான். உடல் துருப்பிடிக்காது, சட்டகம் பிடிக்கும், அதுவும் உப்புக்காற்று வீசும் கொழும்பில். உள்ளே ஏதாவது வளைந்தாலோ தளர்ந்தாலோ, பெரும்பாலும் மேற்பூச்சில் நட்சத்திரம் போல மெல்லிய கீறல்கள் விழுந்து சொல்லிவிடும். படகிலும் இதுவே கதை. அப்படிப்பட்ட கீறலைக் கண்டால் நாங்கள் முதலில் அதைத் தேய்த்துத் திறந்து, இழைப் படை பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, பிரிந்திருந்தால் வெட்டியெடுத்துப் புதிதாகப் படை வைப்போம். மேலே பட்டி பூசி வண்ணம் அடித்துக் கடலுக்கு அனுப்புபவரை எங்கள் பக்கத்தில் யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. உருக்கிலும் அப்படியே: நுண்வெடிப்பைத் தேடுபவர்கள் காந்தத் துகள் சோதனைக்கு முன் வண்ணத்தைச் சுரண்டி எடுப்பது வழக்கம். நீங்கள் எதிர்த்திசையில் வேலை செய்திருக்கிறீர்கள். பூசும் முன் சட்டகத்தைச் சோதித்திருந்தால் அந்த அறிக்கையை நுழைவாயிலில் ஒட்டுங்கள். சோதிக்காவிட்டால் ஒட்டுவதற்கு ஏதுமில்லை என்று எனக்குப் புரியும். முன் சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலை எத்தனை கிலோ என்றும், அதைப் பொருத்தலாமா என்று வண்டியைத் தயாரித்தவர்களிடம் கேட்டீர்களா என்றும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வரிசையில் நின்ற முக்கால் மணித்தியாலத்தில் டிராகனின் பற்களை எண்ணினேன். முப்பத்திரண்டு, எல்லாம் பொன்முலாம் பூசியவை. கண்களுக்குள் விளக்குகளும் எரிகின்றன. இவ்வளவு நுட்பமான வேலைக்குக் காசு கிடைத்த இடத்தில் கம்பிக்கு ஒரு புதுப் பஞ்சுறை வாங்கக் காசில்லை என்பதை நம்பத்தான் வேண்டும்; நாட்டின் பொருளாதார நிலைமை அப்படி. இருக்கையின் முதுகில் மூன்று மொழிகளிலும் எச்சரிக்கை எழுதியிருந்ததற்கு நன்றி. தமிழில் ‘கப்பியை இறுகப் பிடிக்கவும்’ என்று இருக்கிறது. கப்பி கிணற்றில்தான் இருக்கும் ஐயா. அதைப் பிடிக்க வேண்டுமானால் நாங்கள் ஊருக்குத்தான் போக வேண்டும். அரச அலுவலகப் பெயர்ப்பலகைகளிலேயே தமிழ் படும் பாட்டைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது பெரிதில்லை. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட ஒரே வசனத்தில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரே சொல் பிழையாக இருப்பது மனதை உறுத்துகிறது.

கோபம் சற்று மேலோங்கிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் பணிவானது, ஒன்றுதான்: கம்பியை மாற்றுங்கள். இருவருக்கு ஒன்றாக இருப்பதை ஆளுக்கொன்றாக, தயாரிப்பாளரின் ஒப்புதலோடு மாற்றுங்கள். அதற்குக் காலம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை, மடியில் கம்பி பொருந்தாத எந்தப் பிள்ளையையும், பக்கத்தில் பெரியவர் இருந்தாலும், தயவுசெய்து ஏற்றாதீர்கள். பிள்ளைகள் அழுவார்கள், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், வருமானம் குறையும். அந்தச் சண்டையில் பணியாளர் தம்பியின் பக்கம் நின்று பேச நான் விடுமுறை நாட்களில் வரத் தயார். மூன்றாவது பெட்டியின் தழும்பைத் திறந்து பார்க்க ஆள் வேண்டுமானாலும் சொல்லுங்கள். கூலி வேண்டாம், பிசினும் பாயும் மட்டும் நீங்கள் வாங்கித் தாருங்கள்.

பதிலை மூன்று மொழிகளில் எதில் அனுப்பினாலும் வாசித்துக்கொள்வேன். தமிழில் எழுதுவதானால், கம்பி என்ற சொல்லுக்கு மட்டும் ‘ம்’ போடுங்கள்.

இப்படிக்கு,
தரம் 2 மாணவி ஒருத்தியின் தந்தை,
மட்டக்குளி, கொழும்பு 15.