பூஞ்சை செய்தால் மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூஞ்சைகளைக் கொண்டு வெள்ளி நானோ துகள்கள் (கிருமியைக் கொல்லும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) தயாரிப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் மகிழ்ச்சி. ஆனால் இதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு போல எழுதியிருந்தார்கள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி, அப்சர் அகமது குழுவினர் 2001-லேயே வெர்ட்டிசிலியம் பூஞ்சைக்குள் வெள்ளித் துகள்கள் உருவாவதைக் காட்டிவிட்டார்கள். அதில் ஒரு தொல்லை, துகளை எடுக்கச் செல்லை உடைக்க வேண்டும். 2003-இல் அதே குழு ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம் பூஞ்சைக்கு மாறியது. (நம்மூர் வாழைக்கு வாடல் நோய் தருவதும் இதே பூஞ்சையின் ஒரு வகைதான்!) இது செல்லுக்கு வெளியே, கரைசலிலேயே 5 முதல் 15 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) அளவில் துகள்களை உண்டாக்கிவிடுகிறது. சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பின் கரைசலில் பூஞ்சையைப் போட்டு வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுப்பு நிறம் ஏறும். பூஞ்சை வெளியே விடும் நொதிகள் கரைசலில் மின்னூட்டத்தோடு கரைந்திருக்கும் வெள்ளி அணுவை (அயனியை) உலோகமாக்குகின்றன. அதன் புரதங்களே துகளின் மேல் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. இந்த வேலைக்கு வேதியியல் முறையில் சேர்க்கும் ஹைட்ரசீன் போன்ற நச்சு வேதிப்பொருள் தேவையில்லை.

சரி, இதை வைத்தே சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று முத்திரை குத்திவிடலாமா? பூஞ்சை வந்ததால் மாறியது ஒரே ஒரு வேதிப்பொருள். சில்வர் நைட்ரேட் இன்னமும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத்தான் வருகிறது. பூஞ்சை வளர்க்கும் பாத்திரங்களை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு மின்சாரம் வேண்டும். ஃபுசேரியத்தில் பல வகைகள் நச்சு சுரப்பவை. காயத்தில் தடவும் களிம்பில் அந்த நச்சு துளியும் இல்லை என்று யாராவது சோதித்துக் காட்ட வேண்டும். பல ஆய்வேடுகளில் அந்தச் சோதனையே இருப்பதில்லை. புதுப் பூஞ்சை, அதே வெள்ளி, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பாக்டீரியா வளராத ஒரு வட்டம், அதோடு பட்டம்.

கழிவையும் மறந்துவிடுகிறோம். பிரேசிலின் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் நெல்சன் துரான் குழு 2007-இல் இதே துகள்களைப் பருத்தித் துணியில் ஏற்றியது. அவர்கள் துணி கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்ததோடு நிற்கவில்லை. கழிவுநீரில் சேரும் வெள்ளியை ஒரு பாக்டீரியாவைக் கொண்டு பிரித்தெடுக்கவும் முயன்றார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். ஏனென்றால் கழிவுநீரில் வெள்ளி சேர்ந்துகொண்டே போனால், அதற்கும் கிருமிகள் பழகிக்கொள்ளக்கூடும். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் சில்வர் நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா பாக்டீரியா தலைகாட்டியது 1975-லேயே பதிவாகியிருக்கிறது.

அடுத்த முறை இதுபோன்ற செய்தி வரும்போது, துகளைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஆய்வாளரிடம் உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி