கரை கரைவது எங்கே தொடங்குகிறது

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டது என்பதில் மகிழ்ச்சி. கடல் ஊரைத் தின்கிறது, தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு மனு கொடுக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு.

அலை கரைக்குச் சாய்வாக வந்து மணலை ஏற்றும். திரும்பும் நீர் சரிவில் நேரே இறங்கும். இப்படி வளைந்து வளைந்து மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. உங்கள் குப்பத்தில் தெண்டி என்பார்களே, தெற்கேயிருந்து வடக்கே ஓடும் அந்த நீரோட்டம்தான் ஆண்டில் பெரும்பகுதி. வாடைக்காலத்தில் வன்னி, அதாவது வடக்கேயிருந்து வரும் நீரோட்டம், மணலைத் தெற்கே தள்ளினாலும், கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். வழியில் கல் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே பட்டினி. 1876-இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது; அதன் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் அரித்தது. புதுச்சேரியிலும் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தபின் ஊர்க் கடற்கரை காணாமல் போனது. தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அது ஒழுங்காக நடக்கவில்லை.

ஆக, உங்களுக்கு வளைவு வந்தால் வடக்குக் குப்பம் அடுத்த மனுவை எழுதும். வெறும் கற்சுவரும் நிற்காது. மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டும், கல் உள்ளே இறங்கிவிடும். அடியில் வடிகட்டித் துணி விரிக்காவிட்டால் கல் இடுக்கு வழியாகவும் மணல் உருவிக்கொண்டு போகும். படகு ஏற்றவும் இடமிருக்காது.

முதலில் அளந்து வை. அசையாத ஒரு கம்பமோ கிணற்று மேடையோ பார்த்து, அங்கிருந்து ஈரக்கோடு வரை நாடா பிடி. மாதாமாதம் பௌர்ணமியன்று, ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும். அங்கே ஏற்றவற்றம் சுமார் 1 மீட்டர். 10-க்கு 1 சரிவுள்ள கரையில் அதுவே 10 மீட்டர் வித்தியாசம் காட்டி ஏமாற்றிவிடும். தெற்கே, நடுவே, வடக்கே என்று மூன்று இடம் வேண்டும். மார்கழி அளவை மட்டும் நம்பாதே: வாடையில் உள்ளே இழுத்துப்போன மணலில் ஒரு பங்கு கோடையில் திரும்பும். சித்திரை, வைகாசியிலும் திரும்பாததுதான் உண்மையான நஷ்டம்.

தெற்கே பக்கத்தில் புதிதாக ஏதாவது கல் கட்டினார்களா, ஆற்று முகத்துவாரம் அடைந்துகிடக்கிறதா என்பதையும் விசாரித்து எழுது.

அன்புடன்,
ராமு