கீழ்வெண்மணியை அவனுக்கு எப்படிச் சொல்வது

அன்புள்ள அம்முவுக்கு,

தம்பிக்கு நீ வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் அடுத்து, கூலி விவசாயக் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி வருகிறது, அவன் தாங்கமாட்டான், விட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். விடாதே. பின்னாளில் ஏதோ ஒரு வீடியோவில் தனியாகப் பார்த்துத் திடுக்கிடுவதைவிட, உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

நெல்லிலிருந்து ஆரம்பி. கீழத்தஞ்சையில் நிலம் யார் கையில் இருந்தது, நட்டதும் அறுத்ததும் யார், கூலியை எப்படி அளந்தார்கள் என்று சொல். படியை எடுத்துக் கொடுத்து அவனையே அரிசி அளக்கச் சொல். அரைப்படி எவ்வளவு என்று அவன் கைக்குத் தெரியட்டும். அந்த அரைப்படியைத்தான் கூலிக்காரர்கள் கூடுதலாகக் கேட்டார்கள். கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார்கள், மிரட்டியும் விலகவில்லை. இதற்கே இரண்டு நாள் எடுத்துக்கொள். செத்துப்போனவர்கள் என்று அறிவதற்கு முன்னால், துணிந்து கேட்டவர்கள் என்று அவர்களை அவன் அறிய வேண்டும்.

அப்புறம் 1968 டிசம்பர் 25. இதைப் பகலில் சொல், படுக்கும் நேரத்தில் வேண்டாம். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மிராசுதாரர்களின் ஆட்கள் இரவில் வந்து தாக்கினார்கள். பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களைத் தீ வைத்துக் கொன்றார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இவ்வளவு போதும். படம் எதுவும் காட்டாதே. “குழந்தைங்களுமா?” என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிடு. அழுதால் அழட்டும், கூடவே இரு.

எனக்கென்னவோ, தீயைவிடத் தீர்ப்புதான் அவனை அதிகம் வதைக்கும் என்று தோன்றுகிறது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். இதற்கு ஒரு சமாதானமும் சொல்லாதே. அவன் கோபம் நியாயமானது. எனக்கே இன்னும் ஆறவில்லை.

ஆனால் பாடத்தை அங்கே நிறுத்திவிடாதே. காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றிச் சொல். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரும் கணவரும் அந்தப் பக்கமே வந்து தங்கி வேலை செய்தார்கள். 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு, பெண்கள் பேரிலேயே நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். எப்படி வாங்கினார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று தம்பி குடைவான். நன்றாகக் குடையட்டும்.

பொங்கலுக்கு வரும்போது அவனாகக் கேட்டால் கீழ்வெண்மணி நினைவிடத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். கேட்காவிட்டால் நாமாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா