எல்லோரும் ஹைன்ரிஷ்

கேரா, ஜெர்மனி

அன்புள்ள செல்வராஜ்,

நீ அனுப்பிய வம்சாவளித் தாளின் படம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்குக் காய்ச்சல், மகளுக்குத் தொடர்ந்து இரவு வேலை. இப்போது எல்லோரும் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலை ஏழரை மணிக்கும் விடியவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் கொஞ்ச நாள் விட்டுவிடு.

உன் தாளில் சோமசுந்தரம் என்ற பெயர் நான்கு இடத்தில் வருகிறது, யார் எந்தச் சோமசுந்தரம் என்று பிரிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் நான் இப்போது தங்கியிருக்கும் இந்த ஊரை ஆண்ட குடும்பம்தான் நினைவுக்கு வந்தது. ராய்ஸ் என்பது குடும்பப் பெயர். எண்ணூறு ஆண்டுகளாக அந்த வீட்டில் பிறக்கும் ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் ஒரே பெயர்தான்: ஹைன்ரிஷ். மூத்தவன், இளையவன், தொட்டிலிலேயே இறந்தவன், எல்லோரும் ஹைன்ரிஷ். 12ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் தங்களுக்குச் செய்த நன்மைக்கு நன்றியாகத் தொடங்கிய வழக்கம் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

பெயர் ஒன்றே என்றால் ஆளைப் பிரிக்க எண் வேண்டுமே. மற்ற அரச குடும்பங்களில் பட்டத்துக்கு வந்தவருக்குத்தான் எண். இங்கே பிறந்த பிள்ளைக்கெல்லாம் எண். குடும்பம் பிற்பாடு கிளைகளாகப் பிரிந்தது. மூத்த கிளையார் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது என்று வைத்துக்கொண்டார்கள். இளைய கிளையார் நூற்றாண்டு பிறந்ததும் புதுக் கணக்கு போட்டார்கள். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அப்பா 67ஆம் ஹைன்ரிஷ், மகன் 14ஆம் ஹைன்ரிஷ், பேரன் 27, கொள்ளுப்பேரன் 45. எண்ணைப் பார்த்து யார் முன்னால் பிறந்தவர் என்று சொல்ல முடியாது. பிறந்த நூற்றாண்டு தெரிந்தால்தான் பிடிபடும். எனக்கே இரண்டு நாள் ஆயிற்று.

தொடக்கத்தில் இவர்கள் அரசர்கள் இல்லை. பேரரசரின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர்கள். அந்தப் பதவிக்கு வோக்ட் என்று பெயர். இன்றும் இந்தப் பகுதிக்கு வோக்ட்லாண்ட் என்றே பெயர். வைடா, கேரா, பிளாவன் மூன்றும் இவர்கள் கையில் இருந்தன. ஹோஃப் நகரத்தை 1373இல் விற்றுவிட்டார்கள். வைடாவும் பிளாவனும் பிற்பாடு சாக்சனியை ஆண்ட வெட்டின் குடும்பத்துக்குப் போயின. 1410இல் டானன்பெர்க் போரில் தோற்று நின்ற டியூட்டானிக் என்ற கிறிஸ்தவப் போர்த்துறவிகளைத் திரட்டி மரியன்பர்க் கோட்டையைக் காத்த ஹைன்ரிஷ் ஃபோன் பிளாவன் இந்த வம்சத்தவர்தான். மிஞ்சிய நிலத்தை 1564இல் மூன்று சகோதரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்: மூத்த கிளை, நடுக் கிளை, இளைய கிளை. நடுக் கிளை 1616இல் வாரிசில்லாமல் போயிற்று. மற்ற இரண்டும் மேலும் மேலும் பிரிந்தன. கேரா, ஷ்லைட்ஸ், லோபன்ஷ்டைன், ஏபர்ஸ்டார்ஃப் என்று ஆளுக்கொரு ஊர்.

போன சனிக்கிழமை எல்ஸ்டர் ஆற்றை ஒட்டி ஓடும் ரயிலில் மூத்த கிளையின் ஊரான கிரைட்ஸ் போய்வந்தேன். நீ பார்த்தால் ஒரு நாள் முழுக்கப் பேசுவாய். சின்ன ஊர், ஆனால் இரண்டு அரண்மனை. மேலரண்மனை செங்குத்தான குன்றின் மேல். கீழரண்மனை ஊருக்குள், ஆற்றோரம். ஒரே ஊரையும் மேல் கிரைட்ஸ், கீழ் கிரைட்ஸ் என்று பங்காளிகள் இருவர் பிரித்துக்கொண்டு ஆண்டார்கள். கீழரண்மனை வாசலில் நின்று தலையை நன்றாக அண்ணாந்தால் மேலரண்மனை தெரிகிறது. அங்கே விளக்கு ஏற்றினால் இங்கே தெரியும். அவ்வளவு பக்கத்தில் இரண்டு ஆட்சி! 1768இல் கீழ்க் கிளை அற்றுப்போன பிறகுதான் ஊர் ஒன்றாயிற்று. பத்து வருடம் கழித்து, 1778இல், பேரரசர் இரண்டாம் யோசப் அவர்களைக் கோமகன் பட்டத்துக்கு உயர்த்தினார். இளைய கிளையாரில் பலர் அதற்கு 1806 வரை காத்திருந்தார்கள். மூத்த கிளையின் நாடு மொத்தமே 317 சதுர கிலோமீட்டர். அதை வைத்துக்கொண்டு 22ஆம் ஹைன்ரிஷ் பெர்லினை, அதாவது பிரஷ்ய அரசை, எதிர்த்துக் கூட்டாட்சி அவையில் பலமுறை வாக்களித்தார். 1866இல் பிரஷ்யப் படை தன் ஊருக்குள் வந்ததை அவர் கடைசிவரை மறக்கவே இல்லை.

கேராவில் ஆண்டவர்களில் எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டவர் போஸ்ட்டுமஸ் என்று அழைக்கப்பட்ட ஹைன்ரிஷ். அப்பா இறந்த பிறகு 1572இல் பிறந்தவர். அந்தச் சொல்லுக்கும் அதுதான் பொருள். உயிரோடு இருக்கும்போதே தனக்குச் செப்பில் சவப்பெட்டி செய்து, தானே தேர்ந்தெடுத்த வேத வசனங்களை அதன்மேல் எழுதவைத்தார். அந்த வசனங்களுக்கு இசை அமைத்தவர் பக்கத்துக் கோஸ்ட்ரிட்ஸில் பிறந்த ஹைன்ரிஷ் ஷூட்ஸ். 1636 பிப்ரவரியில் அடக்கத்தின்போது பாடினார்கள். மகள் எனக்காக அதைப் போட்டுக் காட்டினாள். மொழி புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இந்த வம்சாவளியை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஆண்கள் பக்கம் முழுக்க ஹைன்ரிஷ், ஹைன்ரிஷ். தனிப் பெயர் உள்ளவர்கள் பெண்கள் மட்டும்தான். நிலம் துண்டு துண்டாகக் குறைந்துகொண்டே வர, இந்த வீட்டின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர்களும் அவர்கள்தான். ராய்ஸ் என்ற பட்டப்பெயரே, கிழக்கே ருத்தேனிய நாட்டு (இன்றைய உக்ரைன் பக்கம்) உறவில் பெண் எடுத்ததால் வந்தது என்பார்கள்.

ஏபர்ஸ்டார்ஃப் என்ற கிராமத்தை எடுத்துக்கொள். கிளைகளிலேயே சிறியவற்றில் ஒன்று. அங்கே 1700இல் பிறந்தவர் எர்ட்முத்த டொரோத்தேயா. 1722இல் சின்ட்சன்டார்ஃப் பிரபுவை மணந்தார். மொராவியாவிலிருந்து மதத்துக்காக ஓடிவந்தவர்கள் அந்தப் பிரபுவின் நிலத்தில் குடியேறி ஹெர்ன்ஹூட் என்ற ஊரை உண்டாக்கியதும் அதே வருடம்தான். கணவர் பிரசங்கம், பயணம் என்று போய்விட, அங்கே உருவான மொராவிய சபையின் வரவு செலவு, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் சுமந்தவர் இந்த அம்மா. பிள்ளைகள் பலரைச் சாகக் கொடுத்தார். பாடல்களும் எழுதினார். 1756இல் இறந்தார். நான்கே வருடத்தில், 1760இல், அந்தச் சபையார் எங்கே வந்து இறங்கினார்கள் தெரியுமா? நம் தரங்கம்பாடியில்! நிக்கோபார் தீவுகளுக்குப் போவதற்காக வந்தவர்கள் அங்கே தோட்டம் போட்டுத் தங்கினார்கள். நிக்கோபாருக்குப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் மாண்டதால் 1787இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். நாம் சின்ன வயதில் சைக்கிளில் போன அந்தக் கடற்கரைக்கும் இந்தக் காட்டுக் கிராமத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எர்ட்முத்தயின் அண்ணன் 29ஆம் ஹைன்ரிஷ். அவருடைய பேத்தி அகுஸ்டா. 1777இல் கோபர்க் என்ற இன்னொரு ஜெர்மன் அரச வீட்டுக்கு வாக்கப்பட்டார். அவர் பெற்ற மகன் லியோபோல்ட் 1831இல் பெல்ஜியத்தின் முதல் அரசர் ஆனார். விக்டோரியா மகாராணிக்கு அகுஸ்டா அம்மாவைப் பெற்ற பாட்டி. ராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி. நம் ஊரில் அத்தை மகள், மாமன் மகன் கல்யாணம் என்போமே, அதேதான். நம் தாத்தா காலத்துக் காசில் முகம் பதிந்த ராணியின் பாட்டி வீடு இந்தக் கிராமம்!

கிரைட்ஸிலும் இப்படித்தான். பெர்லினோடு சண்டை போட்ட 22ஆம் ஹைன்ரிஷின் மகள் ஹெர்மினே, முடியிழந்து ஹாலந்தில் இருந்த ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மை 1922இல் மணந்தார்.  கிரைட்ஸின் வாரிசான 24ஆம் ஹைன்ரிஷ் ஹெர்மினேக்கு அண்ணன். சிறுவயது விபத்தால் அவரால் ஆள முடியவில்லை. இளைய கிளையார் அவருக்காகப் பொறுப்பேற்று ஆண்டார்கள். 1918 நவம்பரில் இரண்டு நாடுகளிலும் ஆட்சி முடிந்தது. 1564இல் பிரிந்த நிலம் 1919இல் மக்கள் அரசாக ஒன்று சேர்ந்து, அடுத்த ஆண்டு தூரிங்கியா மாநிலத்தில் கலந்துவிட்டது. 24ஆம் ஹைன்ரிஷ் 1927இல் கல்யாணம் ஆகாமலே இறந்தார். மூத்த கிளை அதோடு அற்றது. கேராவின் ஓஸ்டர்ஷ்டைன் அரண்மனை 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் எரிந்தது. சாயங்காலம் நடக்கப் போகும்போது மரங்களுக்கு மேலே அதன் பழைய கோபுரம் மட்டும் தெரியும்.

உன் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழு தலைமுறையில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. உன் பெரிய அத்தை நாகப்பட்டினத்தில் வாக்கப்பட்டார் அல்லவா, நம் பரீட்சை நாட்களில் கூடை நிறையப் பலகாரம் கொண்டுவருவாரே? அவர் பெயரை எங்கே போட்டாய்? நான்கு சோமசுந்தரங்களையும் அவரவர் மனைவி பெயரோடு எழுதிப் பார், பிரிந்துவிடுவார்கள். அத்தைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துப் புதிதாக ஒரு தாள் போடு. கேட்டுச் சொல்ல உன் சித்தி இருக்கும்போதே உட்கார்ந்துவிடு.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். தரங்கம்பாடிக்கு ஒரு நாள் ஒதுக்கி வை; அந்தத் தோட்டம் இருந்த இடத்தைக் காட்டக்கூடிய பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்து வை. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
சந்திரன்