பாப்பாவுக்கு, என் கீழ்ப் பல்செட்டு விஷயமாக

அன்பு பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, "என்னப்பா கன்னமெல்லாம் இப்படி ஒட்டிப்போச்சு, ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா" என்று கேட்டாய். நான் வெயிலின் மேல் பழியைப் போட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அது மனசுக்குச் சரியாகப் படவில்லை, அதனால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் கீழ்த்தாடையில் 2 இம்ப்ளான்ட், அதாவது பல்செட்டைப் பிடித்துக்கொள்ள எலும்புக்குள் பதிக்கிற உலோகத் தண்டு, வைத்துக்கொண்டேன். தையல் பிரித்தாயிற்று, வீக்கம் வடிந்துவிட்டது, கஞ்சியிலிருந்து இட்லிக்கு வந்துவிட்டேன். முன்கூட்டியே சொன்னால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய், சின்னவனுக்குப் பரீட்சை நேரம், அதனால்தான் அம்மாவையும் வாய் திறக்க வேண்டாம் என்று தடுத்தேன். கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அவளை ஒன்றும் சொல்லாதே.

2014-ல் சர்க்கரையால் ஈறு கெட்டு, பல்லெல்லாம் ஆட ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கடைசியில் மேலும் கீழும் செட்டு மாட்டியது உனக்குத் தெரியும். மேல் செட்டு பரவாயில்லை, அண்ணம் முழுக்கப் படிந்து எச்சிலிலேயே கவ்விக்கொண்டு நிற்கும். கீழ் செட்டுக்கு அந்த வசதி கிடையாது. லாடம் மாதிரி வளைந்த ஒரு சின்ன மேட்டின் மேல் அது உட்கார வேண்டும், உள்ளே நாக்கு தள்ளும், வெளியே உதடும் கன்னமும் தள்ளும். பசை தடவிப் பார்த்தேன், மதியத்துக்குள் கரைந்துவிடும். உன் அத்தை பேரனுக்குக் காதுகுத்து என்று எர்ணாவூர் போயிருந்தோமே, அங்கே பந்தியில் ஒரு கறித்துண்டைக் கடித்தேன், செட்டு பின்பக்கம் எகிறித் தூக்கிக்கொண்டது, இலையைப் பார்த்துக் குனிந்தபடியே விரலால் அமுக்கி உள்ளே தள்ளினேன். அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவேன். வீட்டில் கீழ் செட்டு ஜன்னல் திண்டில் எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில்தான் கிடந்தது. அம்மா காசிமேட்டிலிருந்து நெத்திலி வாங்கி வருவாள், மற்றவர்களுக்கு மொறுமொறுவென்று வறுத்துவிட்டு எனக்கு மட்டும் குழம்பில் போட்டு ஒவ்வொன்றாக முள் எடுத்து வைப்பாள். நெத்திலிக்குப் போய் முள் எடுக்கிறாளே என்று எனக்குத் தொண்டை அடைக்கும்.

நீ பார்த்த ஒட்டிய கன்னத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல்லின் வேர் எலும்புக்குள் இருக்கிற வரைக்கும் நாம் கடிக்கிற அழுத்தம் எலும்புக்குப் போய்ச் சேரும், எலும்பும் அதற்கு ஈடுகொடுத்து உறுதியாக இருக்கும். பல்லைப் பிடுங்கினால் அந்த வேலை போய்விடும், எலும்பு கரைய ஆரம்பிக்கும், முதல் வருஷம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்கவே நிற்காது. மேல்தாடையை விடக் கீழ்த்தாடையில் 4 மடங்கு வரை கரையுமாம். 2014-ல் அளவெடுத்துச் செய்த செட்டு இப்போது லொடலொடவென்று ஆடுகிறதென்றால், அடியில் இருந்த மேடு இறங்கிவிட்டது. அடித்தளம் தேய்ந்த லேத் மெஷினில் எத்தனை தடவை செட்டிங் பண்ணினாலும் அளவு வராது, அதே கதைதான். இதை யாராவது 2014-லேயே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

முதலில் ஒரு கிளினிக்குக்குப் போனேன், பெயர் வேண்டாம். வாயைத் திறந்து பார்த்த 5 நிமிஷத்தில், ஸ்கேன் கூட எடுக்காமல், மேலும் கீழும் கழட்டாத பல், நாலரை லட்சம், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் எத்தனை ஸ்க்ரூ போடலாம் என்று எப்படித் தெரியும்? டிராயிங் பார்க்காமல் டிரில் போடுகிறவனை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மெஷின் பக்கமே விடமாட்டோம். எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஓபி சீட்டு வாங்கிக் காட்டினேன், பாரிமுனை வரை ஷேர் ஆட்டோ, மீதி நடை. கீழே முன்பக்கம் எலும்பு போதுமான அளவு இருக்கிறது, முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்தத் தெம்பில்தான் நம் கல்மண்டபம் பக்கத்து டாக்டரம்மாவிடம் வந்தேன்.

இம்ப்ளான்ட் என்றால் வேறொன்றும் இல்லை, டைட்டானியத்தில் செய்த மரை போட்ட தண்டு, என்னுடையது 4 மி.மீ. குறுக்களவு, 10 மி.மீ. நீளம். 1952-ல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்கிற டாக்டர் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு டைட்டானியக் கூட்டைப் பொருத்தியிருக்கிறார், சோதனை முடிந்து கழட்டப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 1965-ல் முதல் தடவையாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார், அந்த மனிதர் 40 வருஷத்துக்கு மேல் அதோடு வாழ்ந்திருக்கிறார். வெல்டிங் இல்லாமல், பசை இல்லாமல் உலோகமும் எலும்பும் ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்கிறதே, 34 வருஷம் பிட்டராக இருந்த எனக்கு அதைக் கேட்டதும் மெய்சிலிர்த்துவிட்டது பாப்பா.

அந்தக் கிளினிக்கில் சொன்ன கழட்டாத பல்லுக்குத் தாடைக்கு 4 தண்டாவது வேண்டும், அதன்மேல் முழு வரிசையையும் டாக்டரே ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுவார். நான் எடுத்தது கழட்டி மாட்டுகிற செட்டு, 2 தண்டு போதும். தண்டின் தலை குமிழ் மாதிரி ஈறுக்கு மேலே லேசாக நீட்டிக்கொண்டிருக்கும், செட்டின் அடியில் அதற்கு நேராக ஒரு குப்பி, குப்பிக்குள் நைலான் வளையம். டாக்டரம்மா ஒரு மாடலை என் கையில் கொடுத்தார். கட்டைவிரலால் அமுக்கினேன், சட்டையில் டிச் பட்டன் விழுகிற மாதிரி "டக்" என்று உட்கார்ந்தது. பக்கவாட்டில் ஆட்டினேன், அசையவில்லை. இரண்டு ஓரத்திலும் நகத்தைக் கொடுத்துத் தூக்கினேன், வந்துவிட்டது. பத்துத் தடவையாவது மாட்டிக் கழட்டியிருப்பேன், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைத் தட்டிய பிறகுதான் கீழே வைத்தேன்.

இதில் குறையும் உண்டு. பின்பக்கம் செட்டு ஈறின் மேல்தான் உட்காரும், சொந்தப் பல் மாதிரி இருக்காது, அடியில் சாப்பாட்டுத் துணுக்கு போகும். நைலான் வளையம் மெஷினில் இருக்கிற புஷ் மாதிரி தேயும், வருஷத்துக்கு ஒரு தடவை போல மாற்ற வேண்டிவரும். அடிப்பக்கத்தை அவ்வப்போது ஈறுக்குத் தகுந்தபடி திருத்த வேண்டும். ஆனால் செட்டு எகிறாது, எனக்கு வேண்டியது அதுதான். 2002-ல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களே, பல் இல்லாத கீழ்த்தாடைக்கு இந்த 2 இம்ப்ளான்ட் செட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

கழட்டாத பல்லுக்கே பணம் நீ அனுப்புவாய், எனக்குத் தெரியும். என் யோசனை வேறு. கழட்டாத பல்லுக்கு அடியில் நூலும் சின்ன பிரஷும் விட்டு தினமும் சுத்தம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தண்டைச் சுற்றி ஈறு சீழ்பிடித்து எலும்பையே தின்றுவிடும். பிரஸ் மெஷினில் மாட்டிய என் வலது கை விரல் 2 இன்னும் மடங்காது. நாளைக்கு எனக்குக் கை நடுங்கினாலோ படுக்கையில் விழுந்தாலோ, செட்டைக் கழட்டிக் கழுவி மாட்டிவிட அம்மாவால் முடியும், உன்னாலும் முடியும். மேல் செட்டு நன்றாகப் பிடிக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடிகிறது, என் சேமிப்பிலேயே இருந்தது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.6 சதவீதம் இருந்தது, அதை 7-க்குக் கொண்டுவர 4 மாதம் ஆயிற்று, அதுவரை கை வைக்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பீடி உண்டா என்று கேட்டார், விட்டு 11 வருஷம் ஆகிறது என்றேன். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறீர்களா, தாடையில் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டார், அப்படிப்பட்டவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். சித்தி வாரம் ஒரு மாத்திரை போடுகிறாளே, பல் பிடுங்கப் போனால் முதலில் அதைச் சொல்லச் சொல். ஸ்கேனில் என் தாடையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கிற மாதிரி காட்டினார், பின்பக்கம் எலும்புக்குள் நரம்பு ஓடுகிறது, அதில் பட்டால் உதடு மரத்துவிடும், அதனால்தான் கோரைப்பல் இருந்த இடத்தில், முன்பக்கமாக.

அன்றைக்கு ஊசி போட்டது மட்டும்தான் வலி. டிரில்லைச் சின்ன அளவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சைஸாக ஏற்றினார், மெதுவான சுற்று, இடைவிடாமல் தண்ணீர். எலும்பு 47 டிகிரிக்கு மேல் சூடானால் செத்துவிடும், அப்புறம் எந்தத் தண்டும் பிடிக்காதாம். கடைசியில் டார்க் ரெஞ்சு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்குகிற ஸ்பேனர்! உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று, 35 நியூட்டன்-சென்டிமீட்டர் வரை இறுக்கினார். வாயைத் திறந்தபடி கிடந்த எனக்கு அந்தக் கிளிக் சத்தம் கேட்டதும் பயமெல்லாம் போய்விட்டது. 2 வாரம் கீழ் செட்டு மாட்டவில்லை. இப்போது பழைய செட்டின் அடியில் மெத்தென்று ஒரு பூச்சு போட்டுக் கொடுத்திருக்கிறார். 3 மாதம் முடிந்து எலும்பு பிடித்தது உறுதியானதும் குமிழை மாட்டிப் புதுச் செட்டு தருவார்.

சரி, இவ்வளவும் எழுத உட்கார்ந்ததே உனக்காகத்தான். போன தீபாவளிக்கு வந்தபோது, கீழே வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி 6 மாதம் ஆயிற்று, வெளியே தெரியாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன் என்றாய். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது, "அதனாலென்ன" என்று நானும் சொல்லிவிட்டேன். அது தப்பு. அங்கே எலும்பு இப்போதே இறங்கிக்கொண்டிருக்கும், பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தில் சாயும், மேலே இருக்கிற பல் பிடிமானம் தேடிக் கீழே இறங்கும். உனக்கு ஒற்றைப் பல், 38 வயசு, சர்க்கரை இல்லை. இம்ப்ளான்டோ, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டுகிற பிரிட்ஜோ, எது சரி என்று மஸ்கட்டிலேயே ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், ஸ்கேன் எடுக்காமல் விலை சொன்னால் எழுந்து வந்துவிடு. எனக்கு என்று எடுத்து வைத்த பணம் அதற்குப் போகட்டும், மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். அப்பாயின்ட்மென்ட் வாங்கியதும் தேதியை மெசேஜ் போடு.

அப்பா